ரதிக்குச் சுருதி கொடுத்த மவுத் ஆர்கன்

சுருதிப்பெட்டியை எலி தின்றுவிட்டது என்று கேள்விப்பட்டதும் கொழுந்துக் கூடையை மலையிலேயே போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடினேன். கங்காணி பின்னால் நின்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். பெட்டியைத் திறந்தால் துருத்தித் தோல் முழுக்கச் சல்லடை. உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. ஐந்து குட்டிகள், பூப்போல சிவப்பாக. அடி பாவி எலியே, இத்தனை பெரிய தோட்டத்தில் உனக்குப் பிள்ளை பெற வேறு இடமே கிடைக்கவில்லையா!

மாசி மாதம் வந்தால் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். எரிந்தவனுக்காக ரதி தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரி வைப்பாள். அந்த ரதி வேஷம் கட்டுகிறவர் என் புருஷன். வருஷம் முழுக்க அவர் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், ரோலர் மெஷினுக்கு இலை அள்ளிப் போடும் ஆள். யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். மாசியில் மட்டும் கங்காணி வீட்டுப் பெண்கள்கூட அவர் பாட்டுக்கு முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஏழு வருஷமாக அந்த வேஷம் அவருடையது. அதை எடுத்துவிட்டால் மனுஷர் ஒடிந்துபோவார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அந்த மெஷின் இரைச்சலில் இரண்டு வருஷமாக அவருக்குக் காது மந்தம். பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பாடும்போது சுருதிப்பெட்டியில் முழங்காலை ஒட்டிவைத்து உட்காருவார். பெட்டியின் அதிர்வு எலும்பில் ஏறும், அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார். போன வருஷம் பெட்டி இழுத்தவர் புகைக்குப் பயந்து தள்ளி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஒப்பாரி நடுவில் என் புருஷன் சுருதியை விட்டு எங்கேயோ போய்விட்டார். சனம் சிரித்தது.

இப்போது பெட்டியே போய்விட்டது. கூத்து வாத்தியார் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மூணாம் பிறை அன்னிக்குக் கூத்துக்குக் கம்பம் ஊனுறோம். அதுக்கு முன்னாடி உன் புருசன் சுருதியோட பாடிக் காட்டணும். இல்லாட்டி ரதி வேசம் மேல்கணக்கு ஆளுக்குத்தான். என்னைக் குத்தம் சொல்லக் கூடாது, ஆமா."

மேல்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல் பிரிவு. அங்கே ஒருவன் இரண்டு வருஷமாக ரதி வேஷத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவன் குரல் எப்படி என்கிறீர்களா? தகரத்தைக் கல்லில் தேய்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

அன்று ராத்திரியெல்லாம் யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை குதிரையில் போகும்போது வாயில் ஏதோ ஒன்றை வைத்து ஊதிக்கொண்டு போவார். மவுத் ஆர்கன் என்பார்கள். கைக்குள் அடங்கும் சாமான், ஆனால் சத்தம் அடுத்த மலை வரைக்கும் கேட்கும். பெட்டிக்கு உள்ளே இருக்கும் பித்தளை நாக்குதானே அதிலும் இருக்கிறது? அது ஏன் சுருதி கொடுக்காது? என் புருஷனிடம் சொன்னபோது, "உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சு புள்ள" என்றார். "ஆமா, கிறுக்குதான்" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முட்டையிடும் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பசறை ரோட்டில் இறங்கிப் பதுளைக்கு நடந்தேன்.

ஜெர்மன்காரனோடு சண்டை மூளுவதற்கு முந்தின காலம் அது. பதுளைக் கடைவீதியில் சட்டி பானையிலிருந்து சாவிக்கொத்து வரை ஜெர்மன் சாமான் குவிந்து கிடக்கும். கடைக்கார நானா, எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு பலகைப்பெட்டியைத் திறந்து வைத்தார். வெள்ளித் தகடு போர்த்திய மவுத் ஆர்கன்கள் வரிசையாகக் கிடந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டு போனேன்.

"அடடடா! வாயில வெக்காதீங்க!" நானா பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். "எச்சில் பட்டா நான் அதை யாருக்கு விக்கிறது?"

நியாயம்தான். எச்சில் பட்டதை நான் வாங்குவேனா? மாட்டேன். அதற்காகவே அவர் ஒரு சின்னத் துருத்தி வைத்திருந்தார். பக்கத்து நகைப் பத்தர் நெருப்பு ஊதுகிற மாதிரியான துருத்திதான், நுனி மட்டும் மெல்லிசு. அதைத் துளையில் வைத்து அமுக்கினால் சத்தம் வரும். அப்படித்தான் பதுளையில் எல்லோரும் மவுத் ஆர்கன் பார்த்து வாங்கினார்கள். அதில் என்ன கோளாறு இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, நானாவுக்கும் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"ரெண்டு சாதி இருக்கு" என்றார் நானா. "இது ஒத்தை நாக்கு. ஒரு துளைக்கு ஒரு சத்தம். இது ரெட்டை நாக்கு. ரெண்டும் சேர்ந்து பேசும். கேட்டுப் பாருங்க."

ஒற்றை நாக்கு வெறும் பீப்பீ என்றது. அடுத்து ரெட்டை நாக்கில் துருத்தியை அமுக்கினார். ஐயோ, அந்தச் சத்தம்! அப்படியே நடுங்கி நடுங்கி, மினுமினுத்துக்கொண்டு வந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது நெஞ்சுக்குள் ஒன்று ஆடுமே, அந்த மாதிரி. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கோழியைக் கொடுத்தேன், ரெட்டை நாக்கை வாங்கினேன். ஒன்பது மைல் ஏற்றமும் எனக்கு ஒன்பது அடியாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஊதினேன். அவர் பாட ஆரம்பித்தார், நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நிறுத்தினார். மவுத் ஆர்கனின் நுனியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே புள்ள" என்றார். "எதைப் புடிச்சிக்கிறது நான்?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் மேல் அல்ல, அந்தச் சாமான் மேல். வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தேன். மேலே ஒரு வரிசைத் துளை, கீழே ஒரு வரிசை. கீழ் வரிசையைக் காகிதத்தால் மூடிவிட்டு ஊதினேன். நடுக்கம் நின்றுபோனது! மேல் வரிசையை மூடி ஊதினேன். அப்போதும் நடுக்கம் இல்லை. ஆனால் இந்தச் சத்தம் முந்தினதைவிட ஒரு நூல் கூடுதல். அட! இரண்டு நாக்கையும் ஒரே சுருதியில் வைக்காமல், வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளி வைத்திருக்கிறான் ஜெர்மன்காரன். அந்த ஒரு நூல் பேதத்தில் இரண்டும் உரசுவதுதான் கடையில் என்னை மயக்கிய மினுமினுப்பு. தனியாகக் கேட்க அது சொர்க்கம். சுருதிக்கு வைத்தால் இரண்டு பேர் இரண்டு பக்கம் கையைப் பிடித்து இழுக்கிற கதை.

சரி, ஒரு வரிசையை மூடியே வைத்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த தொல்லை. சுருதி அவர் குரலுக்குச் சேரவில்லை. அவர் குரல் நிற்கும் இடம் எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பு. அதைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டி, காதுக்குக் கீழே தாடையெலும்பில் ஒட்டிவைத்து, அந்த அதிர்வில்தான் பாட்டைத் தொடங்குவார். மவுத் ஆர்கனில் முதல் துளை செம்பைவிடத் தாழ்ந்து கிடந்தது, அடுத்தது செம்பைத் தாண்டிப் போயிருந்தது.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். சிரிக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் தப்பு அடிக்கிறவர்கள் அடிப்பதற்கு முன்னால் காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தி, அதில் தப்பைக் காட்டிச் சூடேற்றுவார்கள். சூடு ஏற ஏறத் தோல் இறுகும், சத்தம் மேலே போகும். பிறந்ததிலிருந்து பார்க்கிற காரியம் இது. சத்தம் தாழ்ந்திருந்தால் நெருப்பில் காட்ட வேண்டும், அவ்வளவுதானே? மவுத் ஆர்கனை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் காட்டினேன். புரட்டிப் புரட்டி, அப்பளம் சுடுகிற மாதிரி பக்குவமாக.

ஊதிப் பார்த்தால் சத்தம் ஏறுவதற்குப் பதிலாக இன்னும் இறங்கியிருந்தது! சூடு பத்தவில்லை என்று மறுபடி காட்டினேன். 'படக்' என்று ஒரு சத்தம். நடுவில் இருந்த மரக்கட்டை விரிசல் விட்டு, ஆணி கழன்று, நாக்குத் தகடு வாயைப் பிளந்துகொண்டது. தோல் சூட்டில் இறுகும். பித்தளை சூட்டில் தளர்ந்துபோகும். இந்த ஞானம் வருவதற்கு எனக்கு ஒரு முட்டைக்கோழி செலவு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் அந்தக் கருகிய சாமானைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "விடு. மேல்கணக்குக்காரனே கட்டட்டும்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"நீங்க சும்மா இருங்க!" என்று கத்தினேன். அடுத்த ஞாயிறு சேவலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தடவை இன்னொரு கையில் பித்தளைச் செம்பு.

நானா செம்பைப் பார்த்ததும், "பால்கடை அந்தப் பக்கம்" என்றார். கருகின சாமானைக் காட்டியதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, பலகையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நானும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சிரித்துவிட்டேன். என்ன செய்வது?

"ஒத்தை நாக்கை எடுங்க நானா" என்றேன். "ஆனா ஒவ்வொண்ணா ஊதிக் காட்டணும். இன்னிக்கு நான் ஏமாற மாட்டேன்."

ஒற்றை நாக்கில் பத்துத் துளை. மூன்றுதான் மிச்சம் இருந்தன, மற்றதைத் துரைமார் வாங்கிப் போய்விட்டார்களாம். எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு எழுத்து வெட்டியிருப்பதைப் பார்த்தேன். ஒன்றில் கவாத்துக் கத்தி மாதிரி வளைந்த எழுத்து. ஒன்றில் பாதித் தப்பு மாதிரி. ஒன்றில் இரண்டு கால் ஏணி. போன வாரம் அது அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது நானா மூன்றையும் ஒவ்வொன்றாகத் துருத்தியில் வைக்க வைக்க, எனக்குப் பளிச்சென்று விளங்கியது. மூன்றிலும் அடுக்கு ஒன்றுதான், ஆனால் தொடங்குகிற இடம் வேறு. கவாத்துக் கத்தி தாழத் தொடங்கியது, பாதித் தப்பு அதைவிட ஒரு படி மேலே, ஏணி வேறொரு இடத்தில். அந்த எழுத்துதான் சுருதியின் பெயர்! வீட்டு நம்பர் மாதிரி!

செம்பைத் தட்டினேன். ஒவ்வொரு துளையாகக் கேட்டேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் என்னையும் செம்பையும் வேடிக்கை பார்த்தார்கள். பாதித் தப்பில் செம்பின் சத்தம் எங்கேயும் இல்லை. ஏணியிலும் இல்லை. கவாத்துக் கத்தியில் மூன்றாம் துளை வந்ததும், "நிறுத்துங்க!" என்று கத்தினேன். அச்சு அசல் செம்பு! ஆனால் அந்தத் துளை மட்டும்தான். பக்கத்துத் துளைகளைச் சேர்த்து அமுக்கினால் சுருதி வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு துளைக்காகப் பத்துத் துளையை வாங்குவதா? நானாவுக்கே பாவமாக இருந்தது. "யோசிச்சு எடுங்க தங்கச்சி" என்றார். மூன்றாம் பிறைக்கு நான்கு நாள்தான் இருந்தது. யோசிக்க என்ன இருக்கிறது? சேவலை விட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டேன்.

வழியெல்லாம் அந்த மூன்றாம் துளையை ஊதிப் பழகிக்கொண்டே ஏறினேன். ஊதினால் நல்ல சத்தம், மூச்சு முடிந்தால் நின்றுவிடும். சுருதி என்றால் நிற்கக் கூடாதே! மூச்சு எடுக்கிற நேரத்தில் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? பாதி ஏற்றத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வாயில் சாமான் இருக்கும்போதே, தாங்க முடியாமல் ஒரு மூச்சை உள்ளே இழுத்துவிட்டேன்.

அம்மாடி! ரோட்டிலேயே நின்றுவிட்டேன்.

உள்ளே இழுக்கும்போதும் அது பேசியது! அதுவும் வேறு பேச்சு. உதடு சறுக்கி முதல் இரண்டு துளையில் இருந்திருக்கிறது. சுருதிப்பெட்டியின் அதே குரல், இரண்டு சுரம் சேர்ந்து, கனமாக. செம்பைக் கீழே வைத்துத் தட்டினேன். இரண்டாம் துளையை இழுத்தேன். செம்பு! மூன்றாம் துளையை ஊதினேன். அதுவும் செம்பு! இழுத்தாலும் செம்பு, ஊதினாலும் செம்பு! ஜெர்மன்காரா, நீ நல்லா இருப்பே! மூச்சு உள்ளே போகும்போது இரண்டாம் துளை, வெளியே வரும்போது மூன்றாம் துளை. சாகும் வரைக்கும் நிற்காத சுருதி!

நானாவின் துருத்திக்கு ஊதத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. எச்சிலுக்குப் பயந்து பதுளையே மவுத் ஆர்கனைப் பாதிதான் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி நாக்கு உள்ளே ஊமையாகக் கிடந்திருக்கிறது. ரோட்டோரத்தில் செம்பைத் தட்டித் தட்டிக் குதித்த என்னைப் பார்த்துவிட்டு, ஒரு மாட்டுவண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டி ஓட்டினார். போகட்டும்! அடுத்த மைலில் இன்னொன்றும் அகப்பட்டது. மூன்றாம் துளையை இழுத்துக்கொண்டே தொண்டையைக் கீழே இறக்கினால், அந்தச் சத்தம் நழுவி இறங்கும். விட்டால் மேலே ஏறும். அழுகிற பெண் வார்த்தை வராமல் இழுப்பாளே, அந்த இழுப்பு அப்படியே. ரெட்டை நாக்கில் எத்தனை முக்கி ஊதியும் இப்படி ஒரு அழுகை வந்ததில்லை. பீப்பீ என்று நான் கேலி செய்த ஒற்றை நாக்குக்குள் ஒரு ஒப்பாரியே இருந்தது.

வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே ஊதிக்கொண்டு போனேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்து, செம்பை வைக்கிற மாதிரி, தன் நெற்றியை என் நெற்றியோடு ஒட்டிவைத்தார். கண்ணை மூடினார்.

"கேக்குது புள்ள" என்றார். "சுத்தமா கேக்குது. பெட்டியைவிட நல்லா கேக்குது!" பிறகு பாடினார். ஒரு நூல் பிசகவில்லை. நான் இழுக்கிறதும் ஊதுகிறதுமாக அழுதுகொண்டே சிரித்தேன். மூக்கு ஒழுகியதில் ஊதவே முடியவில்லை.

மூன்றாம் பிறை அன்று மாலை கோயில் வாசலில் வாத்தியார் முன்னால் பாடிக் காட்டினார். தப்பு இல்லை, கூட்டம் இல்லை. நான் அவருக்குக் கொஞ்சமாவது கேட்கிற காதுப் பக்கமாக நெருங்கி உட்கார்ந்திருந்தேன். பாட்டு சுருதியை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. வாத்தியார் தலையை ஆட்டினார். "பாட்டு சரி" என்றார். "ஆனா ஊதுறது யாரு? பொம்பளை காமன் பொட்டல்ல வந்து வாத்தியம் ஊதுறதா? அந்தச் சாமானை வேற ஆம்பளை கிட்ட குடு."

"தாராளமா வாங்கிக்கச் சொல்லுங்க" என்று நீட்டினேன். "ஆனா இது என் எச்சில்."

ஒருவரும் கை நீட்டவில்லை. நான் விடவில்லை. "மழையில கொழுந்து எடுக்குறப்போ, பொம்பளைன்னு யாராச்சும் என் கூடையைத் தூக்க வந்தீங்களா? இதுக்கு மட்டும் பொம்பளையா நான்?" கடைசியில் வாத்தியார், மழைக்குப் போர்த்துகிற கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் சரி என்று ஒத்துக்கொண்டார். கம்பம் ஊன்றினார்கள். என் புருஷன் கையில் காப்புக் கட்டினார்கள்.

காப்புக் கட்டினால் விரதம். எரிக்கிற நாள் வரைக்கும் வேஷக்காரர் கோயிலடியில்தான் படுக்கை. பெண்சாதியை விரல் நுனியால்கூடத் தொடக் கூடாது. நான் சோறு கொண்டுபோய்த் தள்ளி வைத்துவிட்டு வருவேன். பௌர்ணமி நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஆறு தப்பு அடிப்பார்கள். கூட்டம் குலவையிடும். பத்தடி தள்ளி ஓரத்தில் நான் ஊதுவது அவர் மந்தக் காதுக்கு எப்படி எட்டும்? "வாத்தியார்கிட்ட உண்மையைச் சொல்லிருவோமா?" என்று சைகையோடு கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "செவிட்டு ரதின்னு பேரு வாங்கிக் குடுக்கப் போறியா?"

எங்கள் தோட்டத்தில் மன்மதனை எரிப்பது பௌர்ணமி விடிகிற நேரத்தில். நெருப்பு எழுந்து, காமன் பொட்டலில் முகங்கள் தெரியத் தொடங்கின. ஆறு தப்பும் காது கிழிய அடித்தன. ரதி முடியை அவிழ்த்துக்கொண்டு நெருப்பைச் சுற்றி ஓடி வந்து ஒப்பாரியைத் தொடங்கினார். நான் கம்பளிக்குள்ளிருந்து உயிரைக் கொடுத்து இழுத்தேன்.

முதல் வரியே தவறியது. இரண்டாவது வரி அதைவிடத் தள்ளிப் போனது. வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேல்கணக்குக்காரன் பக்கத்தில் நின்றவனை முழங்கையால் இடித்துச் சிரித்தான். அந்த இடத்திலேயே எழுந்து போய் அவனைக் கடித்துக் குதறலாமா என்று இருந்தது. அவரைப் பார்த்தேன். பாடிக்கொண்டே கண்ணால் என்னைத் தேடிக்கொண்டிருந்தார், கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளை தேடுகிற மாதிரி.

பிறகு அவர் நெருப்பை விட்டு விலகி நேராக என்னை நோக்கி ஓடி வந்தார். "ஐயோ என் ராசா!" என்று ரதி அலறும் இடம் அது. அலறிக்கொண்டே என் முன்னால் மண்டி போட்டு விழுந்தார். கம்பளியோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டு, நெற்றியை என் நெற்றியில் ஒட்டினார்.

ஐயையோ! காப்புக் கட்டிய கை! விரதம்! ஆனால் மூச்சை நிறுத்தவில்லை. இரண்டாம் துளையை இழுத்தேன், மூன்றாம் துளையை ஊதினேன். அவர் உடம்பு முழுவதும் ஒரு குலுக்கல். அடுத்த வரி நேராக வந்து செம்பின் மேல் நின்றது. அதற்கடுத்த வரியும் நின்றது. நான் தொண்டையை இறக்கி மூன்றாம் துளையை அழவைத்தேன். அவர் குரலும் கூடவே இறங்கி அழுதது. தப்பு அடித்தவர்கள் ஒவ்வொருவராக அடிப்பதை நிறுத்தினார்கள். சாவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டுதானே ஒப்பாரி வைப்போம்? கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்து எங்கள் தோளில் கை போட்டாள். இன்னொருத்தி வந்தாள். அப்புறம் எண்ணவில்லை. கங்காணி வீட்டு அம்மாவும் அதில் இருந்தார். யார் யாருக்கோ யார் யாருடைய சாவோ ஞாபகம் வந்து, அந்த வட்டம் முழுக்கக் கதறியது.

முடிந்ததும் ஒரு பெரியவர் கோபமாக முன்னால் வந்தார். "காப்போட பொஞ்சாதியைத் தொட்டுட்டான்! விரதம் கெட்டுப்போச்சு!"

வாத்தியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எவன் தொட்டான்?" என்று சீறினார். "தாலியறுத்த ரதி ஒரு பொம்பளையைக் கட்டிப் புடிச்சு அழுதா. அதுல உங்களுக்கு என்ன குத்தம் தெரிஞ்சுது? இனிமே வருசா வருசம் ரதி இப்படித்தான் அழணும்." அந்தப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு போனார். மேல்கணக்குக்காரன் எப்போது போனான் என்று தெரியவில்லை.

என் புருஷனுக்கு இது எதுவும் கேட்கவில்லை. வாத்தியார் வாயைப் பார்க்கிற நிலையிலும் அவர் இல்லை. அரிதாரம் கண்ணீரில் கரைந்து ஓட, சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு, ஆளில்லாத பக்கமாக என்னைக் கூப்பிட்டார்.

"சுருதி சேர்ந்துச்சா புள்ள?" என்று கேட்டார். "உண்மையைச் சொல்லு. வேசம் போச்சா?"

கத்திச் சொன்னால் ஊருக்கே கேட்கும். சைகை காட்டக் கை வரவில்லை. அவர் நெற்றியை என் பக்கம் இழுத்து ஒட்டிவைத்துக்கொண்டு, இரண்டாம் துளையை மெதுவாக உள்ளே இழுத்தேன்.

அவர் சிரித்தார்.